தாய்லாந்தின் ஒரு நாட்டுப்புற வட்டத்தைப் பற்றி எழுதுவது எப்படி: தக்குவா பாவை முன்வைத்து ஒரு வழிகாட்டி

தாராபுரம் அமராவதிக் கரையை விட்டு ஓர் அடிகூட நகர்ந்ததில்லை. ஆனால் 1979-இல் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அது அங்கே போயிற்று. அந்த மாவட்டம் பின்னர் ஈரோடு என்று பெயர் மாறிற்று. 2009-இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது காங்கயத்தோடு சேர்ந்து தாராபுரமும் அதற்குள் வந்து சேர்ந்தது. இன்னும் பின்னால் போனால், திப்பு வீழ்ந்த 1799-ஐ அடுத்துக் கும்பினியார் இந்தப் பகுதியை இரண்டு பிரிவாக வைத்து ஆண்ட சில ஆண்டுகளில், வடக்குக்குப் பவானியும் தெற்குக்குத் தாராபுரமும் தலைமையிடங்களாக இருந்தன. 1804-இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டுத் தலைமை கோயம்புத்தூருக்குப் போனது. தாராபுரம் தாலுகாக் கச்சேரி இருக்கும் ஊராகத் தங்கிவிட்டது. ஊர் வேறு, அதன் பெயர் வேறு, அதன் மேல் போடப்படும் எல்லைக்கோடு வேறு என்பதை இந்த ஒரு கதையில் புரிந்துகொண்டவர், தாய்லாந்தின் எந்த வட்டத்தைப் பற்றியும் தடுமாறாமல் எழுதலாம்.

கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பூகெட் தீவுக்குப் போய்வருவோர் இப்போது பலர். அவர்களுள் கடற்கரைப் படங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் உள்ளே இருக்கும் ஊர்களைப் பற்றி எழுத விரும்பும் சிலருக்காகவும், அயல்நாட்டு ஊர் ஒன்றின் வரலாறு, நிலம், நிர்வாகம் ஆகிய மூன்றையும் ஒரே கட்டுரையாகத் தொகுக்க வேண்டியிருக்கும் கல்லூரி மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாகப் பூகெட்டுக்கு வடக்கே, அந்தமான் கடலோரத்தில், பங்ஙா மாகாணத்தைச் சேர்ந்த தக்குவா பா வட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயரால் வழங்கும் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருப்பதே நம்மவருக்கு அதன் மேல் முதல் ஈர்ப்பு. ஆயினும் கல்வெட்டிலிருந்து தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கிய கட்டுரைகள் அந்தக் கல்லைத் தாண்டிப் போவதே இல்லை.

பெயரை எழுதும் முறை

வேலையைத் தொடங்கும் முன் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். தாய் மொழிப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பார்த்துத் தமிழாக்குவதால் வரும் பிழைகளே மிகுதி. அங்கே 'பி'யும் 'எச்'சும் சேர்ந்து வந்தால் அது மூச்சு கூடிய 'ப' ஒலியே தவிர 'ஃப' அன்று; எனவே 'ஃபூகெட்' தவறு, 'பூகெட்' சரி. அந்த நாட்டில் வட்டத்துக்கு வழங்கும் சொல்லை 'ஆம்ஃபோ' என்று எழுதுவோர் உண்டு. 'அம்ப்போ' என்பது ஒலிக்கு நெருக்கமானது. மகரத்தை அடுத்து ஒற்றைப் பகரம் வந்தால் நம் நாக்கு அதை 'கம்பு' போல மென்மையாக்கிவிடும் என்பதால் இரட்டிக்க வேண்டியிருக்கிறது. அதே காரணத்தால் 'தக்குவா' என்பதிலும் ககரம் இரட்டிக்கிறது. பங்ஙா என்ற பெயரில் மட்டும் தமிழருக்கு ஒரு சலுகை: அரிச்சுவடியில் படித்ததோடு நாம் மறந்துவிட்ட 'ஙா' இங்கே ஓர் அசையின் முதலெழுத்தாகவே நிற்கிறது, ஆங்கிலத்தில் திணறும் அந்த ஒலி நமக்குக் கையில் தயாராக இருக்கிறது. வட்டத்தின் தலைமை அதிகாரியை அவர்கள் அழைக்கும் சொல்லின் முதற்பகுதியை ஒலி பிசகாமல் எழுதினால் நம் ஊரில் வீண் வம்பு வரும். அதனால் நான் 'நை அம்ப்போ' என்று எழுதுகிறேன். நெடிலைக் குறுக்கிய குற்றம் என்னுடையது.

நிர்வாகம்: ஒரே நிலத்தில் இரண்டு ஏணி

பாங்காக் நீங்கலாகத் தாய்லாந்தில் 76 மாகாணங்கள் உள்ளன; மாகாணத்துக்கு அவர்கள் சொல் 'ஜங்வாட்'. அவற்றுள் அடங்கிய அம்ப்போக்கள் 878. அம்ப்போவின் கீழ்த் 'தம்பொன்', தம்பொன்னின் கீழ் 'மூபான்' என்று படிகள் இறங்குகின்றன. பங்ஙாவில் 8 அம்ப்போக்கள். அவற்றுள் ஒன்றான தக்குவா பாவில் 8 தம்பொன்கள். நம் வழக்கில் இவற்றை முறையே மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம் என்று ஒப்பிடலாம். முதல் வரைவுக்கு இந்த ஒப்பீடு போதும். அதன்பின் அது எங்கே பொருந்தாமல் போகிறது என்று பார்ப்பதில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது.

நம் தாசில்தாரை நாம் நினைவில் வைத்திருப்பது பட்டா மாறுதலுக்காகவும் சான்றிதழுக்காகவும் ஜமாபந்திக்காகவும். நை அம்ப்போவோ வருவாய்த் துறை அதிகாரி அல்லர். உள்துறை அமைச்சகம் அனுப்பி, உள்துறை அமைச்சகமே மாற்றும் பொது நிர்வாக அதிகாரி. அடையாள அட்டை, வீட்டுப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, திருமணப் பதிவு ஆகியவற்றுக்காக மக்கள் அம்ப்போ அலுவலகத்தின் படியேறுகிறார்கள். 'சனோட்' எனப்படும் நில உரிமைப் பத்திரத்துக்கு வேறு படியேற வேண்டும். அது நிலத்துறையின் அலுவலகத்துக்கு உரியது. இந்த ஒரு வேறுபாட்டை விட்டுவிட்டு 'அம்ப்போ என்றால் தாலுகா' என்று எழுதிவிட்டால், அடுத்து வரும் எல்லா வாக்கியமும் சற்றே கோணலாகும்.

மூபானின் தலைவரை 'பூயாய்பான்' என்றும், ஒரு தம்பொன்னின் ஊர்த்தலைவர்களுள் மூத்த பொறுப்பில் இருப்பவரைக் 'கம்னன்' என்றும் சொல்கிறார்கள். பூயாய்பான் நம் கிராம நிர்வாக அலுவலரைப் போலத் தேர்வெழுதி வெளியூரிலிருந்து வருபவர் அல்லர். ஊராட்சித் தலைவரைப் போல ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்பவரும் அல்லர். ஊர்க்காரர், ஊராரால் தெரிந்தெடுக்கப்படுபவர், அரசின் சீருடை அணிபவர், 2008-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 60 வயது வரை பதவியில் இருக்கக்கூடியவர். கொங்கு நாட்டில் 1980 வரை இருந்த மணியக்காரரை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். மணியம் பரம்பரையாக வந்தது, அங்கே தேர்வு உண்டு என்ற ஒரு திருத்தத்தை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது மேலிருந்து கீழே இறங்கும் ஏணி. இதே நிலத்தின் மேல் இன்னோர் ஏணியும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தம்பொன் நிர்வாக அமைப்பு என்று பொருள்படும் நீண்ட பெயரைச் சுருக்கி 'ஓ-போ-தோ' என்பார்கள். 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உருவான இந்த உள்ளாட்சி மன்றங்களே தெருவிளக்கு, உள்ளூர்ச் சாலை, குப்பை ஆகியவற்றைப் பார்ப்பவை. நகரத்தன்மை கொண்ட இடங்களில் இதற்குப் பதிலாகத் 'தேசபான்' என்னும் நகராட்சி இருக்கும். ஆக, ஒரே தம்பொன்னில் அரசின் முகமாகக் கம்னனும், வாக்குப் பெற்ற முகமாக ஓ-போ-தோ தலைவரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். நம் பக்கத்தில் வட்டாட்சியர் அலுவலகமும் ஊராட்சி ஒன்றிய அலுவலகமும் எதிரெதிரே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. 2014-இல் நடந்த இராணுவப் புரட்சிக்குப் பின் அங்கே உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. நகராட்சிகளுக்கு 2021 மார்ச்சிலும், ஓ-போ-தோக்களுக்கு 2021 நவம்பரிலும்தான் மீண்டும் நடந்தன. 2016-இல் பதவிக்காலம் முடிந்தும் 2019 டிசம்பர் வரை ஊராட்சித் தேர்தலுக்குக் காத்திருந்த நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

செய்முறையாகச் சொன்னால், முதலில் வட்டத்தின் குறியீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பங்ஙாவுக்கு 82, தக்குவா பாவுக்கு 8205. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் நாட்டில் எண்தான் குழப்பம் தீர்ப்பது. பங்ஙாவின் அஞ்சல் குறியீடும் 82 என்றே தொடங்குவதால் இரண்டையும் ஒன்றென மயங்க வேண்டாம். மூபான்களுக்குப் பெயரோடு வரிசை எண்ணும் உண்டு. பெரிய ஊர் ஒன்று இரண்டு, மூன்று எண்களாகப் பிரிந்திருக்கலாம் என்பதால், மூபான்களின் எண்ணிக்கையை ஊர்களின் எண்ணிக்கை என்று எழுதிவிடக் கூடாது. பரப்பளவை அங்கே 'ராய்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ராய் 1,600 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ முப்பத்தொன்பதரை சென்ட். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 625 ராய். வள்ளக் கணக்கில் பூமி பேசிப் பழகிய நம் பெரியவர்களுக்கு, பத்து ராய் சேர்ந்தால் ஒரு வள்ளத்துக்குக் கிட்டத்தட்ட வரும் என்று சொல்லிவிடலாம்.

நிலத்தைப் படித்தல்

வரைபடத்தை எடுத்து முதலில் எல்லைக்கோட்டைப் பார்ப்பது இயல்பு. அதைச் செய்யாமல் ஆற்றையும் கணவாயையும் பாருங்கள். தக்குவா பா ஆறு கிழக்கே மலையில் தோன்றி மேற்கே அந்தமான் கடலில் கலக்கிறது. அந்த மலைத்தொடரைத் தாண்டினால் நிலம் மறுபுறம் சரிந்து தாய்லாந்து வளைகுடாவின் பக்கம் இறங்குகிறது. இன்று 401 எனப்படும் நெடுஞ்சாலை காவ் சோக் காட்டின் ஓரமாக அந்த வழியில்தான் சூராட் தானி பக்கம் போகிறது. மேற்குக் கடலில் இறங்கிய சரக்கு, தீபகற்பத்தின் தென்முனையைச் சுற்றாமல் கிழக்குக் கடலை எட்டுவதற்கு இப்படிப்பட்ட குறுக்கு வழிகள் பயன்பட்டன. சுந்தக்காமுத்தூர் அருகே பாறையில் இராசகேசரிப் பெருவழி என்று பொறித்திருப்பதைப் போய்ப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் இல்லாவிட்டால் கொங்கு நாட்டின் வரலாறு வேறு. காவ் சோக் வழி இல்லாவிட்டால் தக்குவா பாவின் வரலாறும் வேறு. வேறுபாடு மழையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடுவதால் தாராபுரம், காங்கயம் பக்கம் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரே எட்டாத மழை. தக்குவா பா அந்தப் பருவமழையை நேரே முகத்தில் வாங்கும் கரை, அங்கே 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். நமக்குக் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலமும் கிளுவை வேலியும் அமைந்தது போல அவர்களுக்கு ரப்பர் தோட்டமும் அலையாத்திக் காடும் அமைந்தன.

நிலத்தைப் படிக்க இன்னொரு வழி ஊர்ப்பெயர். நம்மில் பாளையம், வலசு, புதூர், பட்டி என்ற ஈறுகளைக் கொண்டே ஊரின் பிறப்பை ஊகிப்பது போல, அங்கே முன்னொட்டுகளைக் கொண்டு நிலத்தை ஊகிக்கலாம். 'பான்' என்றால் ஊர், 'கோ' என்றால் தீவு, 'காவ்' என்றால் மலை, 'நோங்' என்றால் குட்டை, 'குவான்' என்றால் மேடு. 'ஹுவாய்' என்றால் மலையிலிருந்து இறங்கும் ஓடை. கொங்கு வழக்கில் நாம் 'பள்ளம்' என்று சொல்வது அதுதான். 'தலாட் யாய்' என்றால் பெரிய சந்தை; தக்குவா பாவின் பழைய கடைத்தெரு இருக்கும் பகுதிக்கு அந்தப் பெயர். 'தக்குவா' என்பது ஈயத்தைக் குறிக்கும் சொல், 'பா' என்பது காடு. அதே மாகாணத்தின் இன்னொரு வட்டம் 'தக்குவா துங்'. 'துங்' என்றால் வெளி. காட்டு ஈயம், வெளி ஈயம் என்று இரண்டு வட்டங்கள் தம் பெயரிலேயே பொருளாதாரத்தைச் சொல்லிவிடுகின்றன. அங்கே கிடைத்தது வெள்ளீயம்.

ஆண்டு மாற்றும்போது

தாய் ஆவணங்களில் பௌத்த ஆண்டு வரும். அதிலிருந்து 543-ஐக் கழித்தால் நம் வழக்கு ஆண்டு கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியாதது, 1940 வரை அங்கே அலுவல் ஆண்டு ஏப்ரல் 1-இல்தான் பிறந்தது என்பது. சனவரி 1-க்கு மாற்றியபோது பௌத்த ஆண்டு 2483 ஒன்பதே மாதங்களோடு முடிந்தது. எனவே அதற்கு முந்தைய ஆவணத்தில் சனவரி, பிப்ரவரி, மார்ச் என்ற மாதங்கள் வந்தால் 542-ஐத்தான் கழிக்க வேண்டும். தக்குவா பா முன்பு தனி மாகாணம்; உலகப் பொருளாதார மந்தத்தில் செலவைக் குறைப்பதற்காக அதைப் பங்ஙாவோடு சேர்த்தார்கள். அந்த அறிவிப்பு பௌத்த ஆண்டு 2474 பிப்ரவரியைச் சேர்ந்தது. நானும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு 543-ஐக் கழித்து 1931 என்று எழுதி வைத்தேன். சரியான விடை 1932. அந்த இணைப்பைப் பற்றி இரண்டு ஆண்டுகளும் மாறி மாறி வழங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். சூலலோங்கோர்ன் மன்னர் காலத்து ஆவணங்களில் இரத்தனகோசின் ஆண்டு வந்தால் 1781-ஐக் கூட்டுங்கள். அதற்கும் பழைய சுலசகராஜ் ஆண்டானால் 638. சக ஆண்டோடு 78 கூட்டிப் பழகியவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

வரலாற்றை அடுக்குதல்

இப்போது கல்வெட்டுக்கு வரலாம். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சிறிய தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்று பெயரிடப்பட்ட ஒரு குளத்தைக் குறிப்பிட்டு, அதனை மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் காக்க அடைக்கலமாக ஒப்படைக்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். மணிக்கிராமம் என்பது வணிகர் குழு; சேனாமுகம் என்பதைப் படைப்பிரிவு என்று கொள்வர். கடல் கடந்து போன வணிகர் அங்கே கோட்டை கட்டியதாக அந்தக் கல் சொல்லவில்லை. குளம் வெட்டியதைச் சொல்கிறது. மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரிலும் நம்மவர் போன உடன் குளம் வெட்டினார்கள் என்பதில் வறண்ட நாட்டுக்காரனான எனக்கு ஒரு சிறு பெருமை. அது கட்டுரைக்கு வேண்டாத செய்தி, இங்கே மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கட்டுரைக்கு வேண்டிய செய்தி வேறு. 'தக்குவா பா கல்வெட்டு' என்று உலகம் முழுதும் அறியப்பட்ட அந்தக் கல், ஆற்றின் மேற்பகுதியில் 'காவ் ப்ரா நாராய்' எனப்படும், நாராயணர் மலை என்று பொருள்படும் கரட்டை ஒட்டிக் கிடைத்தது. அந்த இடம் இன்றைய தக்குவா பா அம்ப்போவில் இல்லை. பக்கத்துக் கப்போங் அம்ப்போவில் இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் கோ கோ காவ் தீவில் இருக்கும் துங் துக் தொல்லிடம் இன்றைய தக்குவா பாவுக்குள்ளேயே இருக்கிறது; 'கட்டடங்கள் உள்ள வெளி' என்று பொருள்படும் அந்த இடத்தில் செங்கல் அடித்தளங்களும், சீனத்துப் பீங்கானும், மேற்காசியப் பாண்டங்களும், மணிகளும் கிடைத்துள்ளன. மலையும் முகத்துவாரமும் ஒரே ஆற்றின் இரு முனைகள். ஒரே வணிகத்தின் இரு நிறுத்தங்கள். இன்றைய எல்லைக்கோட்டை வைத்து எழுதினால் இதில் ஒரு பாதி கட்டுரையை விட்டு வெளியே போய்விடும். இப்படிப்பட்ட இடங்களில் 'இன்றைய கப்போங் வட்டத்தில்' என்று ஒரு தொடரைச் சேர்த்துவிட்டு, ஆற்றின் கதையை முழுதாகச் சொல்வதே முறை.

இரண்டு இடங்களில் கையை அடக்க வேண்டும். முதலாவது, முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் என்னும் ஊர்ப்பெயர். பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறிப்பிடும் தக்கோலாவும் அதுவும் தக்குவா பாவே என்று பலர் கொண்டனர். திராங் பக்கம் என்று கொண்டவர்களும் உண்டு. இரண்டு கருத்தையும் எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது, மணி. நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளின் எச்சங்கள் கிடைத்தன. தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில், 'மணி மேடு' என்று பொருள்படும் குவான் லுக் பட்டில் மணிகள் ஏராளமாகக் கிடைத்ததோடு, 'பெரும்பதன் கல்' என்று தமிழி எழுத்தில் பொறித்த பொற்கொல்லரின் உரைகல்லும் கிடைத்தது. இந்த இரண்டும் உண்மை. இங்கிருந்த மணி அங்கே போயிற்று என்பது மூன்றாவது வாக்கியம்; அதற்குத் தனிச் சான்று வேண்டும். நம் ஊர்ப் பாசம் அந்த மூன்றாவது வாக்கியத்தைத் தானாக எழுதிவிடும், அடித்துவிடுங்கள்.

அதற்குப் பிந்தைய காலத்தை விரைவாகச் சொல்லலாம். வெள்ளீயத்தின் பொருட்டு வந்த ஹொக்கியன் சீனர்களின் கடைவீடுகள் பழைய கடைத்தெருவில் இன்றும் நிற்கின்றன. அந்நாட்களில் ஆளுநர்கள் ஊதியம் பெற்றவர்கள் அல்லர். ஊரின் வருவாயிலேயே வாழ்ந்தார்கள், அதற்கு 'ஊரை உண்ணுதல்' என்றே பெயர். 1892-இல் உள்துறை அமைச்சரான இளவரசர் தம்ரோங் அந்த முறையை ஒழித்து, ஊதியம் பெறும் அதிகாரிகளையும் பல மாகாணங்களை உள்ளடக்கிய 'மொந்தோன்' அமைப்பையும் கொண்டுவந்தார். தக்குவா பா பூகெட் மொந்தோனுக்குள் அடங்கிற்று. கம்னன், பூயாய்பான் பொறுப்புகளுக்கு இன்றும் அடிப்படை 1914-ஆம் ஆண்டுச் சட்டமே. 1985-இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தபின் சுரங்கத் தொழில் ஒடுங்கி, ரப்பரும் எண்ணெய்ப் பனையும் சுற்றுலாவும் அந்த இடத்தைப் பிடித்தன.

2004 டிசம்பர் 26-ஐ நாகப்பட்டினத்தை நினைத்தே நாம் நினைவுகூர்கிறோம். அதே காலையில் தக்குவா பாவின் கரையில் பான் நம் கேம் என்ற மீனவ ஊரும், காவ் லாக் விடுதிகளும் அழிந்தன. தாய்லாந்தில் இறந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் பங்ஙா மாகாணத்தில் இறந்தவர்கள். அலை கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளிய 813 எண்ணுள்ள காவல் படகை அங்கேயே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அதன்பின் கரையோரக் குடியிருப்புகள் சில இடம் மாறின. எனவே 2004-க்கு முந்தைய வரைபடத்தையும் பிந்தைய ஊர்ப் பட்டியலையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

எழுதும்போது நிலத்தை முதலிலும், வரலாற்றை அடுத்தும், நிர்வாகத்தைக் கடைசியிலும் வையுங்கள். பெரும்பாலோர் தலைகீழாக, தம்பொன் பட்டியலை முதலில் வைத்துப் படிப்பவரை அங்கேயே இழந்துவிடுகிறார்கள். கட்டுரையோடு போடும் வரைபடத்தில் ஆற்றைக் கனமான கோட்டாலும், அதன் குறுக்கே தக்குவா பாவுக்கும் கப்போங்குக்கும் இடையே உள்ள இன்றைய எல்லையைப் புள்ளிக்கோட்டாலும் வரைந்து, மேற்கு முனையில் துங் துக்கையும் மேற்பகுதியில் காவ் ப்ரா நாராய் கரட்டையும் குறித்துவிடுங்கள். எல்லைக்கு அப்பால் ஏன் ஒரு புள்ளி இருக்கிறது என்று கேட்பவருக்கு, 1932-க்கு முந்தைய மாகாணத்தின் பெயரைப் படத்தின் அடியில் ஒரு வரியாக எழுதினால் போதும்.